அக்காவுக்கு, ஹங் ஹாமிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவும் பாப்பாவும் சௌக்கியமா? போனில் பேசினால் உன் கம்பெனி ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் மூன்று நாள் கழித்துத்தான் கேட்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். சாப்பாட்டு பெல் அடித்த பிறகு படி. மிஷினில் கை வைத்துக்கொண்டு படிக்காதே.

ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்கிறாய் என்று கேட்டாயே, சிரிக்காமல் கேள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு சண்டைப் படம் பார்க்கிறேன்.

என் அறை நம் வீட்டுத் திண்ணை அளவுதான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி தனியாக இருக்கிறார். பாட்டியை இந்த ஊர் மொழியான கான்டோனீஸில் ‘போ போ’ என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் வாரம் எனக்கு வாயே வரவில்லை. வயதானவரைப் பார்த்துப் போ, போ என்று விரட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. எனக்குத் தெரிந்த கான்டோனீஸ் கடையில் காய் வாங்கத்தான் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அவருடைய பேத்தி போனில் மொழிபெயர்ப்பாள்.

ஹங் ஹாமில் ஃபெர்ரி பிடித்து நார்த் பாயிண்ட் போவோம். அங்கிருந்து டிராம். மணியடித்துக்கொண்டே போவதால் அதற்கு இங்கே ‘டிங் டிங்’ என்றுதான் பெயர். சாய் வான் ஹோவில் இறங்கினால் ஹாங்காங் ஃபிலிம் ஆர்கைவ். பழைய படச்சுருள்களைக் காப்பாற்றி வைக்க 2001-ல் திறந்த அரசாங்கக் கட்டடம். உள்ளேயே சின்னதாக ஒரு தியேட்டர் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் போ போ வயதுப் பெண்கள். விளக்கை அணைக்கும் வரைக்கும் சந்தைக்கடைச் சத்தம்தான்.

நான் அங்கே முதலில் பார்த்தது ‘கம் டிரிங்க் வித் மீ’. 1966-ல் ஷா பிரதர்ஸ் கம்பெனிக்காக கிங் ஹு இயக்கிய படம். நாயகி செங் பெய்-பெய்க்கு அப்போது இருபது வயது. குங் ஃபூ பரம்பரையெல்லாம் இல்லை, பாலே நடனம் கற்ற பெண். அதற்காகவேதான் கிங் ஹு அவரைப் பிடித்துப் போட்டார். பீக்கிங் ஓபரா என்ற சீனக் கூத்து பார்த்து வளர்ந்த மனுஷன் அவர், சண்டையையும் தாளத்தோடுதான் பார்த்தார். எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

கதை சின்னது. கவர்னர் மகனைக் கொள்ளைக்காரர்கள் கடத்திவிடுகிறார்கள், அவனை மீட்க உடன்பிறந்தவள் வருகிறாள். ஊரில் அவளுக்குப் பெயர் தங்கக் குருவி என்று வைத்துக்கொள்ளேன். ஆண் வேடம் போட்டு ஒரு சத்திரத்தில் வந்து உட்கார்ந்து மது கேட்கிறாள். பெண் என்று நமக்குப் பார்த்தவுடனே தெரிகிறது, அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. நம் படங்களில் மரு ஒட்டினால் ஆள் மாறிவிடுவது மாதிரிதான். சுற்றியுள்ள மேஜைகளில் அத்தனை பேரும் கொள்ளைக்காரர்களுடைய ஆட்கள். ஒருவன் பின் ஒருவனாக வம்புக்கு வருகிறான். அவள் முகத்தில் ஒரு அலட்டலும் இல்லை.

படம் முடிந்து டீ குடிக்கப் போனோம். இங்கே சாப்பிடும் முன் கிண்ணத்தையும் குச்சிகளையும் சுடு டீ ஊற்றி அலசுவார்கள். போ போ அலசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். முதுகு நிமிர்ந்தது, குச்சி இரண்டும் மேஜைக்கு ஒரு சாண் மேலே நின்றன. கண் மட்டும் இடது பக்கம் போயிற்று, அப்புறம் வலது பக்கம். பரிமாற வந்த பையன் டிரேயோடு அப்படியே நின்றுவிட்டான். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, முழு சீனையும் செய்து முடித்துவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைத்தார்.

அக்கா, 1966-ல் அவருக்கு 16 வயது. பிளாஸ்டிக் பூ செய்யும் கம்பெனியில் வேலை, அப்புறம் விக் கம்பெனி. இந்த ஊர் இன்றைக்கு பேங்கும் கண்ணாடிக் கட்டடமுமாக இருக்கிறது, அன்றைக்கு ஒரு பெரிய திருப்பூர்தான். அந்தக் கம்பெனிப் பெண்கள்தான் சண்டை நாயகிகளுக்குத் தியேட்டரை நிரப்பினார்கள். அவர்களுடைய ராணி செங் பெய்-பெய்கூட இல்லை, கானி சான். இங்கே சான் போ-சூ என்றால்தான் தெரியும். ஓபராக்காரர்கள் தத்தெடுத்து வளர்த்த பெண். 200 படத்துக்கு மேல் நடித்தவர், அதில் பலவற்றில் வாள் தூக்கியிருக்கிறார், ஆண் வேடமும் கட்டியிருக்கிறார். ஜோசபின் சியாவ் என்று இன்னொருவர். இரண்டு பேருடைய ரசிகைகளுக்கும் நம் எம்.ஜி.ஆர்., சிவாஜி கட்சி மாதிரி சண்டை. போ போ கானி சான் கட்சி. எதிர்க்கட்சியில் இருந்த தோழியோடு ஒரு மாதம் பேசவில்லையாம், மிஷின் மட்டும் அடுத்தடுத்த மிஷின்!

நாயகிகள் காலம் ரொம்ப நாள் ஓடவில்லை. 1967-ல் சாங் செ என்ற இயக்குநரின் ஒற்றைக்கை வாள்வீரன் படம் சக்கைப்போடு போட்டது. அதற்கப்புறம் சட்டையைக் கழற்றிய ஆண்கள்தான். மறுவருஷம் தங்கக் குருவியை வைத்து அவரே இன்னொரு படம் எடுத்தார். தலைப்பில் அவள் பெயர், கதை முழுக்க அதில் வரும் ஆண் வாள்வீரனுடையது. எனக்குப் பிடிக்கவில்லை. போ போவுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அவன் அழகன் என்கிறார்.

நாம் டிவியில் பார்த்த ‘என்டர் தி டிராகன்’ நினைவிருக்கிறதா? புரூஸ் லீயின் தங்கச்சியைக் கும்பல் துரத்தும், உதைத்து உதைத்து ஓடுவாள், கடைசியில் கண்ணாடித் துண்டால் தன்னையே குத்திக்கொள்வாள். இவ்வளவு நன்றாக உதைக்கிறவள் ஏன் சாக வேண்டும் என்று நீ கத்தினாய். அவர் பெயர் ஆஞ்சலா மாவ். 1972-லேயே கதாநாயகியாக நின்று ஒரு கூட்டத்தையே அடித்துப் போட்ட படங்கள் அவருக்கு உண்டு. நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சில நிமிடம்தான்.

காரா ஹுய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் வான் சாய் தெருக்களில் அமெரிக்கக் கப்பல்காரர்களிடம் சில்லறைச் சாமான் விற்ற பெண். 1981-ல் ‘மை யங் ஆன்ட்டி’ என்ற படத்தில் வயதில் இளையவள், முறையில் சித்தி. தலை நரைக்கிற வயதில் ஒருவர் அவளைக் கும்பிட்டு நிற்கிறார். நம் கல்யாண வீடுகளில் நடக்காததா! அதற்காக 1982-ல் முதல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை அவர்தான்.

சரி, இவ்வளவு நேரம் சுற்றி வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

2024 ஜூலையில் செங் பெய்-பெய் இறந்துபோனார். செய்தி வந்த அன்று இரவு போ போ என் கதவைத் தட்டி, தன் வீட்டில் ஒரு டிவிடி போட்டுக் காட்டினார். ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’, 2000-ல் வந்தது. அதில் தங்கக் குருவியாக நடித்த செங் பெய்-பெய்யே வயதாகி வில்லியாக வருகிறார், ஜேட் ஃபாக்ஸ் என்று பெயர். வூடாங் என்ற வாள்வித்தைப் பரம்பரையின் குரு ஒருவர் அந்த ஜேட் ஃபாக்ஸைப் படுக்கைக்குச் சேர்த்துக்கொண்டார், வித்தை மட்டும் பெண்ணுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் அவரைக் கொன்று சுவடியைத் திருடுகிறாள். ஆனால் எழுத்து தெரியாது. படங்களைப் பார்த்தே பழகுகிறாள். அவள் வளர்க்கிற பெரிய இடத்துப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியும். அந்தப் பெண் எழுத்தையும் படித்துவிட்டு, படித்ததை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். சின்ன வயதிலிருந்தே மறைக்கிறாள். சாகும்போதுதான் கிழவி அதைச் சொல்லி அழுகிறாள்.

எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, பத்தோடு நின்றவர்கள் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று எங்கள் மிஸ் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். உனக்கென்று நான்தான் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் நீ அப்போதுதான் நைட் ஷிப்ட் கிளம்பிக்கொண்டிருந்தாய். என் ஃபீஸ் பணத்தை எண்ணி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, மறக்காமல் எடுத்துக்கோ என்றாய். நீ படிக்க உட்கார்ந்தால் ஓவர்டைம் யார் பார்ப்பார்கள் என்று அந்த நிமிஷம் தோன்றியது. விண்ணப்பத்தை அக்கவுன்ட்ஸ் புத்தகத்துக்குள் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்து, கடைசித் தேதி போயிற்று. நீ யாரிடமோ கேள்விப்பட்டு வந்து என்னிடம் கேட்டபோதும், அதெல்லாம் ரெகுலராகப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னேன்.

போ போ டிவியை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். இதைச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கான்டோனீஸ் வராது. பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லவும் மனசு வரவில்லை.

இதைப் படித்துவிட்டு போன் செய்யாதே, எழுது. திட்டுவதானாலும் எழுதித் திட்டு. பாப்பாவுக்கு ஸ்கூல் பேக் வாங்கி அனுப்பியிருக்கிறேன், ஜிப் பக்கத்துச் சின்ன அறையில் அம்மாவுக்கு முழங்கால் தைலம் இருக்கிறது. சூடு அதிகம், கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி