பள்ளிக்கூடத்து மரப் பீரோ

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. திட்டாதே. நம் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். கணக்கு வகுப்பில் முட்டி போட்டவளா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சரி, ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. களை எடுக்கப் போனவள் எப்படி வருவாள்? பதிவேடுதான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "அது பாட்டுக்கு நடக்கட்டும்மா, சாயங்காலம் ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்து பேசுவோம்" என்றார். முதல் நாள் ஏழு பேர். போன மாதம் பாய் போதவில்லை.

பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்றது எட்டாம் வகுப்பு டீச்சர். நல்லவேளை, இல்லாவிட்டால் நாங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். ஒரு பெண் எழுந்து, "கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. அதனால் நாங்கள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லை" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு வந்திருந்த ஒரே அப்பா தச்சர். மறுநாள் காலையில் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. இதற்கா இத்தனை வருஷம்!

இன்னொன்று கேள். வாசிக்கத் திணறும் பையனின் அம்மா, "எனக்கே எழுத்து தெரியாது, என்ன சொல்லிக்கொடுப்பேன்" என்றாள். "உங்க நூறு நாள் வேலை அட்டையை அவனை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, போதும்" என்றார் டீச்சர். இப்போது அவன் எழுத்துக் கூட்டி வாசித்து, அம்மா வேலைக்குப் போன நான்கு நாள் அதில் ஏறவே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். அவள் அட்டையும் கையுமாக நியாயம் கேட்கப் போயிருக்கிறாள்.

அப்பாக்கள்தான் வருவதில்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'ஊர்ப் பொதுமக்கள் அன்பளிப்பு' என்று எழுதிய மரப் பீரோ ஞாபகம் இருக்கிறதா? காமராசர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்ததாம். ஊர்க்காரர்கள் பெஞ்சு, மேஜை, பீரோ என்று கொண்டுவந்து கொடுத்தார்களாம். தலைமையாசிரியர் சொன்னார். அதன் பின்னால் ஒளிந்து புளியங்காய் தின்றதுதான் நமக்குத் தெரிந்த வரலாறு.

இப்போது அதன் ஒரு கதவு கழன்று கிடக்கிறது. பொங்கலுக்கு வரும்போது நல்ல பித்தளைக் கீல் இரண்டு வாங்கி வா. தச்சர் தயாராக இருக்கிறார்.

உன்
ராணி