மேல்மாடி அம்மாவும் காசிம் காக்காவின் உறுதியும்

பேர்ண்,
18 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் "நேரம் இருந்தால் பதில் போடு" என்று ஒரு வரி. அது போதும், சுருக்கென்று பட்டது. போனில் கதைத்தது காற்றோடு போச்சு, கடிதம்தான் கடிதம் என்று அம்மா சொல்வது எனக்கும் விளங்குகிறது. ஆகவே இதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அத்தான் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவருக்கும் ஒரு விசயம் இருக்கிறது. காசிம் காக்காவின் கடைக்காணி உறுதி பற்றி நீங்கள் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் நல்ல சுகம். குளிர் தொடங்கிவிட்டது, பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. வேலைக்குக் குறைவில்லை. பகலில் சாப்பாட்டுக் கடைக் குசினி, விடியற்காலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு. இரண்டு வேலை எதற்கென்று அத்தான் கேட்பார். சும்மா இருந்து என்ன செய்வது? அறையும் மாறிவிட்டேன். பழைய இடம் ஒருத்தனுக்குப் பெரிது.

இந்தப் புதுக் கட்டடத்தில் மேல்மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது, தனி ஆள். இங்கே கட்டடம் முழுவதற்கும் ஒரே உடுப்புத் துவைக்கும் அறைதான். யாருக்கு எந்த நாள் என்று அட்டவணை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் பக்கமே போகக் கூடாது. அந்த அட்டவணைக்குக் காவல் இவர்தான். முதல் நாளே என் பின்னால் வந்து நின்று, மெஷின் கதவின் ரப்பரைத் துடைத்தேனா என்று பார்த்தார். சுவிஸ்காரர் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் யூதர். வெள்ளிக்கிழமை பொழுது பட்டதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை லிஃப்ட் பொத்தானைத் தொடமாட்டார், விளக்குப் போடமாட்டார். சனிக்கிழமை காலையில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நாலு மாடி இறங்கி, 1906 இல் கட்டிய தங்கள் தொழுகைக் கூடத்துக்கு நடந்தே போவார்.

தீபாவளிக்கு வடை சுட்டு அவருக்கும் கொண்டுபோனேன். மணந்து பார்த்தார், சிரித்தார், வாங்கவில்லை. வெட்டாத ஆப்பிள் ஒன்றும், கண்ணாடிக் கிளாஸில் பச்சைத் தண்ணீரும் இருந்தால் தா என்றார். நம் ஆச்சி வெளியூர் போனால் யார் வீட்டிலும் வாழைப்பழமும் தண்ணீரும் மட்டும் எடுப்பாரே, அதே ஆசாரம். எனக்குக் கோபமே வரவில்லை.

அப்படிப்பட்டவர் என்னைச் சோறு சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார் என்றால் நம்புவீர்களா? அதுவும் எங்கள் ஆட்களின் சமையலை! இங்கே ஒய்ரோப்பாபிளாட்ஸ் சதுக்கத்தில் சமயங்களின் இல்லம் என்று ஒன்று இருக்கிறது, 2014 டிசம்பரில் திறந்தது. மேலே நெடுஞ்சாலைப் பாலம், பக்கத்தில் ரயில் பாதை. அந்தக் கட்டடத்துக்குள் எங்கள் ஞானலிங்கேச்சுரர் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும், திருவெம்பாவைப் படம் அனுப்பினேனே. அதே கூரையின் கீழ் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல், கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம், பௌத்தருக்கும் துருக்கிப் பக்கத்து அலெவி மக்களுக்கும் ஒவ்வோர் இடம். யூதர்களுக்குத் தனி வழிபாட்டு அறை இல்லை. பஹாய்கள், சீக்கியர்களைப் போல அவர்கள் கூடிக் கதைக்கும் கூடத்துக்கு வருவார்கள். கீழே எங்கள் ஆட்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. சுத்த மரக்கறி, பாலும் இல்லை, யூதர்களின் உணவுச் சட்டத்துக்கு ஒத்தது என்ற கோஷர் சான்றும் உண்டு.

மேல்மாடி அம்மா எனக்கு அந்தச் சட்டமெல்லாம் சொல்லித் தந்தார். இறைச்சியும் பாலும் ஒரு சட்டிக்குள் சேரவே கூடாது. மரக்கறிக் குசினியில் அந்த வில்லங்கம் இல்லை. ஆனாலும் அத்தோடு முடியாது. கீரையில் ஒரு பூச்சி தப்பக் கூடாது, அடுப்பை ஒரு யூதர் மூட்டித் தர வேண்டும், திராட்சைரசத்தில் வந்த வினாகிரியைக் கண்டபடி ஊற்றக் கூடாது. கீரை ஆய்வதில் அம்மாவை வெல்ல அவர்களாலும் முடியாது, அது வேறு கதை. மரக்கறி என்றால் முஸ்லிம்களுக்கும் ஹலால் பயம் இல்லை. மூன்று சமயத்தாரும் ஒரே மேசையில் சந்தேகப்படாமல் கை நனைக்க, கடைசியில் பருப்புக் கறிதான் கைகொடுத்திருக்கிறது. சம்பலுக்கு மட்டும் அவர் கண்ணால் நீர் கொட்டியது. ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

அங்கே சமயங்களைப் பற்றிக் கூட்டங்கள் நடந்துகொண்டே இருக்கும். டொச் மொழி பழக நல்லது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பெரிய தத்துவம் கதைப்பார்கள் என்று பயந்தேன். அன்று கதை போனது மயானத்தைப் பற்றி! இங்கே பொதுமயானத்தில் 20, 25 வருடம் கழிந்தால் குழியை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் அது அடுக்காது, புதைத்தவரைக் கிளறக் கூடாது. கிறிஸ்தவப் போதகர் அம்மா தன் தகப்பனின் குழியும் அப்படித்தான் போனது என்று சாதாரணமாகச் சொல்ல, மற்ற இரண்டு பக்கமும் வாயடைத்துப் போனது. பொஸ்னியாக்காரர் ஒருவர், மின்சார வேலை செய்பவர், "இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி" என்று மேல்மாடி அம்மாவிடம் சொன்னார். "ஆடு மாடு அறுப்பதிலும்தான்" என்றார் அவர். 1893 இல் இந்த நாட்டில் வாக்கெடுப்பு வைத்து, மயக்காமல் அறுக்கும் யூத முறையைத் தடுத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த இறைச்சி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2009 இல் அதே மாதிரி வாக்கெடுப்பில், நூற்றுக்கு 57 பேருக்கு மேல் சேர்ந்து பள்ளிவாசலுக்கு மினாராக் கோபுரம் கட்டக் கூடாது என்றார்கள். அந்தத் தடை வேண்டாம் என்று யூதச் சங்கங்கள் அப்போது வெளிப்படையாகச் சொன்னதாம். தனக்கு நடந்ததை மற்றவனுக்கு நடக்க விட்டுப் பார்த்திருக்க முடியாது என்பது இவர் விளக்கம். எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பலஸ்தீனம் என்ற சொல் விழுந்தால் போதகர் அம்மா உடனே தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்குவார்.

இன்னொரு நாள் மேல்மாடி அம்மா சீலிஸ்பெர்க் பற்றிச் சொன்னார். இந்த நாட்டிலேயே ஏரிக்கு மேலே ஒரு மலை ஊர். 1947 இல், யூதர்கள் அறுபது லட்சம் பேர் ஹிட்லரின் ஆட்களால் கொல்லப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம், யூதரும் கிறிஸ்தவரும் அங்கே கூடி, தேவாலயங்களில் இனி எப்படிப் போதிக்க வேண்டும் என்று பத்துக் குறிப்பு எழுதினார்கள். யேசு ஒரு யூதத் தாய்க்குப் பிறந்தவர், முதல் சீடர்களும் யூதர்களே என்பதைக்கூட எழுதி வைக்க வேண்டியிருந்தது, பாருங்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஜூல் இசாக் என்ற பிரெஞ்சுக்காரரும் ஒருவர், சரித்திர ஆசிரியர். மனைவியையும் மகளையும் அவுஷ்விட்ஸ் கொலை முகாமில் பறிகொடுத்தவர். 1960 இல் பாப்பரசரையே நேரில் கண்டு கதைத்தார். 1965 இல்தான் வத்திக்கான், யேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டக் கூடாது என்று எழுத்தில் வைத்தது. பறிகொடுத்த மனிதனே போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் 27ஆம் திகதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் தொழுகைக் கூடத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள முஸ்லிம்கள் அந்தக் குடும்பங்களுக்கு இரண்டு லட்சம் டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். இங்கே பொஸ்னியாக்காரர் பூங்கொத்தோடு நாலு மாடி ஏறி வந்தார். மேல்மாடி அம்மா பூவை வாங்கிக்கொண்டு, ஈரச் சப்பாத்தோடு படியேறியதற்கு அவரை நன்றாகப் பேசினார். பிறகு மூன்று பேரும் அவர் வீட்டில் இருந்து கோப்பி குடித்தோம். "உன் ஊரில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா?" என்று மேல்மாடி அம்மா என்னிடம் கேட்டார்.

"இருந்தார்கள்" என்றேன். பிறகு, "இப்போது கொஞ்சப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவரும் இல்லை.

அந்தக் கிழமைதான் ஒக்டோபர் 30 வந்தது. இரவு நித்திரை வரவில்லை, அக்கா. காசிம் காக்காவின் தையல்கடை, மெஷின் எண்ணெய் வாசனை, பெருநாளுக்கு எனக்கும் சேர்த்துத் தைத்த சட்டை, நோன்பு காலத்தில் மூடி போட்டு வரும் கஞ்சி. இறைச்சி கிடக்கும் என்று அம்மா தொடமாட்டார், நாமிருவரும் பின்படியில் இருந்து குடிப்போம். 1990 இல் இதே நாள், புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தது. காக்கா தையல் மெஷின்கள் இரண்டையும் கடைக்காணி உறுதியையும் ஐயாவிடம் கொடுத்துவிட்டு ஜின்னா மைதானத்துப் பக்கம் போனார். ஐயா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நம் ஒழுங்கையே ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30, நாமும் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு, சட்டி பானையோடு நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டோம். அப்போதும் அந்த உறுதி ஐயாவின் துணிப்பைக்குள் இருந்தது. கறுத்தக்கொழும்பான் மாமரத்தடியில் சாய்கதிரை போட்டு அதை அவர் வெயிலில் காயவைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மரம் இந்த முறை காய்த்ததா? எழுதவே இல்லையே.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காக்காவின் மகன் புத்தளத்திலிருந்து வந்து வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனான் என்றும், கிராம சேவகரிடம் கடிதம் கொண்டுவரட்டும், பிறகு பார்ப்போம் என்று அத்தான் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் எதற்குக் கடிதம் கொண்டுவர வேண்டும்? உறுதி நம் அலுமாரியில், அவன் தகப்பன் பெயரில் இருக்கிறது. பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, கிராம சேவகரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நீங்களே அவனிடம் கொடுங்கள். கடைக்காணியில் அத்தான் அடுக்கியிருக்கும் சீமெந்து மூடைகளைத் தைப்பொங்கலுக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். கோபிப்பார், நான் சொன்னதாகவே சொல்லுங்கள், இவ்வளவு தூரத்தில் இருந்து அடி வாங்குவது எனக்குச் சுலபம். ஒரு மெஷின் இடப்பெயர்வில் போய்விட்டது என்பதை ஒளிக்காமல் அவனிடம் சொல்லுங்கள். மற்றதில் அம்மா தைத்துப் பழகிவிட்டார் என்று தெரியும். அதையும் கொடுங்கள், அம்மாவுக்குப் புதிது வாங்க நான் அனுப்புகிறேன். அவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள், மரக்கறியாகவே சமையுங்கள்.

காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ ஒழுங்கு மாற்றுகிறார்கள். மாலினியின் வகுப்புக் காசை மட்டும் முதலில் அனுப்புகிறேன், அவளை நிறுத்திவிடாதீர்கள். அம்மாவின் கண்ணை மார்கழிக்குள் காட்டுங்கள். தள்ளிப்போட அம்மா நூறு சாட்டுச் சொல்வார், விடாதீர்கள். தையில் ஊருக்கு வந்து திரும்பும் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வருவான். அவனிடம் இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். பெருஞ்சீரகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், போன முறை கூடிப்போச்சு.

அன்புத் தம்பி,
ரவி