மார்த்தெனிட்சா வெறும் மந்திரக் கயிறா?

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய நாட்டுப்புறச் சடங்குகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, பல்கேரியாவின் மார்த்தெனிட்சாவை 'மந்திரக் கயிறு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. கண்ணேறு படாமல் காக்கும் என்ற நம்பிக்கை அதில் உண்டு, சரி. ஆனால் அதைவிட அது ஒரு பருவக் கணக்கு. மார்ச் 1 அன்று சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிக்கொண்டு, முதல் நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்ததும் அவிழ்ப்பார்கள். 2017-இல் பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, மாசிடோனியா நான்கும் சேர்ந்தே இந்த மார்ச் வழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

பல்கேரியத் தலைநகர் சோபியாவில் படித்த என் மகளுக்கு வீட்டுக்காரப் பாட்டி ஒன்று கட்டிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு பிளம் மரம் பூத்ததும் அதன் கிளையிலேயே முடிந்துவிட்டு வந்தாள். மணிக்கட்டில் சாயம் ஒட்டியதுதான் மிச்சம்! சடங்குகளைப் பற்றி எழுதும்போது, எப்போது, எதற்காகச் செய்கிறார்கள் என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி