பொருள்: ஜார்ஜ் ரூபாய் லாட்டில் வந்த போலிகள், திரும்ப வராத பணம், அப்புறம் ‘தள்ளிவிடுங்கள்’ என்ற ஆலோசனை

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், இணையவழி நாணய ஏலப் பிரிவு, சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஏலத்தில் நான் எடுத்த வெள்ளி ரூபாய் லாட் பற்றி ஃபோனில் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது ஆள், புதுப் புகார் எண், “உங்க பிரச்சனை என்ன சார்?” என்ற அதே கேள்வி. அதனால் எழுத்தில் தருகிறேன். பில் நகல், லாட் எண், படங்கள், எடை பார்த்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பியவைதான், தயவுசெய்து இந்த முறையாவது திறந்து பாருங்கள்.

லாட்டில் ஆறு வெள்ளி ரூபாய் நாணயங்கள். நான்கு சாதாரண வருடங்கள், அவை சரியாகவே இருக்கின்றன. மீதி இரண்டுக்காகத்தான் அந்த விலைக்கு ஏலம் கேட்டேன். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ஒன்று, 1939 ஆறாம் ஜார்ஜ் ஒன்று. இரண்டும் போலி. இரண்டுக்கும் உங்கள் ஹாலோகிராம் ஒட்டிய ‘அசல்’ அட்டை இருக்கிறது. அட்டையின் பின்னால் உங்கள் நிபுணர் கையெழுத்தும் இருக்கிறது.

1911 ரூபாய் ஏன் விலை போகிறது என்று நாணயம் விற்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜாவின் அங்கியில் உள்ள விருதுச் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. அந்த வருடம் துதிக்கை கட்டையாக விழுந்து, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஊரே கொதித்தது. அரசாங்கம் அதை நிறுத்தி, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தது. அதனால்தான் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்கிறோம். வருடம் 1911 என்று இருந்தால் யானை பன்றியாகத்தான் இருந்தாக வேண்டும். நீங்கள் அனுப்பியதில் யானை லட்சணமான யானை. துதிக்கை நீளமாகத் தொங்குகிறது. பத்து மடங்கு லென்ஸை வைத்து வருடத்தைப் பாருங்கள். கடைசி 1-இன் இடப்பக்கம் உலோகம் மட்டும் கொஞ்சம் பள்ளமாக, அரத்தால் தேய்த்த கீறலோடு இருக்கிறது. 1917-ல் 7-இன் மேல்கோட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. வெள்ளி அசல், காசும் அசல், வருடம் மட்டும் பொய். வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பெறாது.

இதைப் பார்க்க, காசை உள்ளே வைத்து நீங்கள் சீல் செய்த பிளாஸ்டிக் கேப்ஸ்யூலை நான் திறக்கவே இல்லை. பிளாஸ்டிக்குக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. பார்சல் வந்த அன்றே படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: “எங்கள் நிபுணர் குழுவின் கருத்தே இறுதியானது. தேய்மானத்தால் தோற்றம் மாறலாம்.” தேய்ந்தால் துதிக்கை வளருமா, ஐயா?

அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் 1939 மேல் சந்தேகம் வந்தது. 1940-லிருந்து அரசாங்கம் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் 1939. கையில் கிடைப்பது அபூர்வம், அதனாலேயே போலிக்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. இந்தத் தொழிலில் நேற்று கடை போட்ட பையனுக்கும் தெரியும், 1939 வந்தால் முதலில் எடையும் நீர்ச் சோதனையும் பார்க்க வேண்டும் என்று. எடை பார்க்க வேண்டுமென்றால் கேப்ஸ்யூலைத் திறக்க வேண்டும். உங்கள் விதியோ, சீல் உடைந்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறது. அதாவது சோதித்தால் உத்தரவாதம் போய்விடும், சோதிக்காவிட்டால் போலி என்று நிரூபிக்க முடியாது. இந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான்.

வீடியோ ஓட விட்டே திறந்தேன். எடை 11.6 கிராம். இருக்க வேண்டியது 11.66, ஆக எடையில் பெரிய குறை சொல்ல முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, காசை நூலில் கட்டி முங்கவிட்டேன். அசல் வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். இது 1.35 காட்டியது. அடர்த்தி ஏறக்குறைய 8.6, அசலுக்கு 10.3 வர வேண்டும். எனக்குத் தெரிந்த வரை இது ஜெர்மன் சில்வர், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. எடை வரவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தடிமனாக வார்த்திருக்கிறார்கள். விளிம்பில் நகத்தை ஓட்டினால் ஒரு இடத்தில் தடுக்கும், அச்சு இரண்டும் சேர்ந்த கோடு அது. அதைத் தேய்த்து மறைக்கப் பார்த்து, அந்த இடத்தில் வரிகளே அழிந்துபோயிருக்கின்றன. ராஜாவின் காதுக்குப் பின்னால் ஊசிமுனை அளவில் குழிகள். கண்ணாடி மேல் தட்டினால் ‘டொக்’ என்கிறது. வெள்ளி அப்படிப் பேசாது.

இதெல்லாம் உங்கள் நிபுணருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துதான் அனுப்பினார்களா என்று கேட்க எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் ஊழியர் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் சொல்லவில்லை, உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும். “இந்த உரையாடல் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது” என்று சொல்லிவிட்டுத்தானே பேசுகிறீர்கள், அதைப் போட்டுக் கேளுங்கள். நான் யானை, துதிக்கை, அடர்த்தி எல்லாம் விளக்கி முடிக்கிறவரை அந்தத் தம்பி “ம்... ம்...” என்றார். பிறகு, “சார், நீங்களே டீலர்தானே? கடைக்கு யாராவது வருவாங்கல்ல, அவங்ககிட்ட தள்ளிவிட்டுடுங்க சார், ஏன் டென்ஷன் ஆகுறீங்க?” என்றார். சிரித்துக்கொண்டே.

எனக்குப் பேச்சே வரவில்லை. நான் வைத்திருப்பது மதுரையில் சின்னக் கடை. என்னிடம் வாங்குகிறவர்கள் பென்ஷன் பணத்தில் மாதம் ஒரு காசு சேர்க்கிற வாத்தியார்கள், பள்ளிக்கூடப் பையன்கள், வைகைக்கரையில் கிடைத்தது என்று செப்புக்காசைத் துணியில் முடிந்து கொண்டுவந்து “இது எந்த ராஜாது?” என்று கேட்பவர்கள். அவர்களிடம் போலி என்று தெரிந்தே தள்ளிவிடச் சொல்கிறார் உங்கள் ஆள். அவர் மேலதிகாரியிடம் இணைக்கச் சொன்னேன். பாட்டுப் போட்டுவிட்டார். பாட்டு முடிந்ததும் இணைப்பும் முடிந்தது. பணம் வராத கோபத்தைவிட இந்த ஒரு வாக்கியத்தின் கோபம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்களிடம் ஏமாந்த மற்றவர்களுக்கும் இதே ஆலோசனைதானா? அப்படியென்றால் ஊரில் சுற்றுகிற போலியில் பாதி உங்கள் வாசல் வழியாகத்தான் வருகிறது.

மன்னிக்கவும், கொஞ்சம் சத்தமாக எழுதிவிட்டேன்.

நேரில் போனால் வேலை நடக்கும் என்று யாரோ சொல்ல, பாண்டியனில் ஏறிச் சென்னை வந்தேன். எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு, அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். செக்யூரிட்டி என் பையைத் திறக்கச் சொல்லி, நோட்டில் ‘பழைய காசு - 2’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். (உங்கள் நிறுவனத்தில் அந்தக் காசுகளைப் பற்றிச் சரியாக எழுதிய ஒரே ஆவணம் அதுதான்.) வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் நிபுணர்கள் பார்க்க மாட்டார்களாம். அப்பாயின்ட்மென்ட் தளத்தில்தான் போடணுமாம். தளத்தில் அதற்கான பட்டனே இல்லை என்று என் ஃபோனில் காட்டினேன். “அப்டேட் ஆகும் சார்” என்றார். தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு பையன் வந்தார். கையில் லென்ஸ் இல்லை, தராசு இல்லை. ஃபோனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, “மெயில் வரும்” என்று உள்ளே போய்விட்டார். மெயில் வரவில்லை. வெளியே வரும்போது செக்யூரிட்டி மறித்து, பொருள் வெளியே போக கேட் பாஸ் வேண்டும் என்றார். என் காசை நான் எடுத்துப்போக உங்கள் பாஸ்! திரும்ப மாடியேறி, அந்தப் பெண்ணிடம் சீட்டு வாங்கி வந்தேன். அன்றைக்குக் கடை அடைப்பு, ரயில், லாட்ஜ், ஆட்டோ, இதெல்லாம் யார் கணக்கு?

அப்புறம் உங்கள் சட்டப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. நான் மறுவிற்பனைக்கு வாங்கியதால் ‘நுகர்வோர்’ கிடையாது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று. 2019 சட்டம் அப்படித்தான் சொல்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் 1930-லிருந்து சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதை உங்கள் வக்கீல் படிக்கவில்லையா? 15-வது பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. அதில் வாங்கியவன் டீலரா, வீட்டுக்காரரா என்ற கேள்வியே கிடையாது. ‘1911 அசல்’ என்று எழுதி விற்றது நீங்கள். சிவில் கோர்ட் மதுரையிலும் இருக்கிறது. போலி என்று தெரிந்த பிறகும் அசல் என்றே சாதித்துப் பணத்தைப் பிடித்து வைத்தால், அது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில், மோசடிப் புகாராகப் போய் நிற்கலாம். அந்த வழியில் போக எனக்கு ஆசை இல்லை. தொழில் செய்கிறவன் கோர்ட் வாசலில் நின்றால் கடையை யார் பார்ப்பது?

அதே மெயிலின் கடைசியில் இன்னொரு வேடிக்கை. போலி நாணயத்தைக் கூரியரில் திரும்பப் பெறுவது ‘சட்டச் சிக்கல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அனுப்பும்போது இல்லாத சிக்கல் திரும்ப வாங்கும்போது எங்கிருந்து வந்தது? மேலும், அது போலி என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே, கவனித்தீர்களா?

உங்கள் தளத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா, ராமர் பட்டாபிஷேகம், மிக அரியது’ என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறீர்கள். கம்பெனி அப்படி ஒரு அரை அணாவே அடிக்கவில்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியான கம்பெனிக் காசு வந்ததே 1835-ல்தான், அந்தச் செம்பு அரை அணாவில் இருப்பது கம்பெனியின் சின்னம். ராமரும் சீதையும் அனுமாரும் இருக்கிற 1818-கள் கோயில் வாசலில் கூடை கூடையாக விற்கிற சாமி டோக்கன்கள். பூஜையறையில் வைக்க நல்ல பொருள், ஆயிரக்கணக்கில் விலை சொல்ல முடியாது. அதையும் அந்த நிபுணர்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா?

எனக்கு ஆன நஷ்டம் பில்லில் உள்ள தொகையோடு முடியவில்லை. அந்த 1939-க்காக என்னிடம் முன்பணம் கொடுத்துக் காத்திருந்த ஒரு பெரியவர், ஆறாம் ஜார்ஜ் வரிசையில் அது ஒன்றுதான் பாக்கி என்று ஆல்பத்தில் இடம் விட்டு வைத்திருந்தவர், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாணயக் கழகக் கூட்டத்தில் என் கடைக்குப் போலி வருகிறது என்று பேச்சு. என் பெயர் நாறிவிட்டது. கடைப்பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனை காலம் சம்பாதித்த நம்பிக்கைக்கு நீங்கள் கோடி கொடுத்தாலும் ஈடாகாது. கோடி கேட்கவில்லை. நியாயமானதைக் கேட்கிறேன்.

லாட்டின் முழுத் தொகை, அதன் மேல் நீங்கள் எடுத்த கமிஷன், ஜிஎஸ்டி, கூரியர் செலவு, என் சென்னைப் பயணச் செலவு, எல்லாம் என் கணக்குக்கு வர வேண்டும். ‘வாலெட்டில் கிரெடிட்’ வேண்டாம், உங்களிடம் இனி எதுவும் வாங்குவதாக இல்லை. இரண்டு நாணயங்களும் போலி என்று உங்கள் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும், அந்தப் பெரியவரிடம் காட்ட. அவற்றை உங்களுக்கு விற்றவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். ஏனென்றால் நான் திருப்பிக் கொடுத்ததும் அதே காசுகள் புது ஹாலோகிராமோடு அடுத்த ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. திருப்பித் தரும்போது இரண்டையும் படம் எடுத்து, கீறல் கீறலாகக் குறித்து வைத்துவிட்டுத்தான் தருவேன். மறுபடி எங்கே வந்தாலும் அடையாளம் தெரியும். ‘தள்ளிவிடச்’ சொன்ன அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. வயிற்றுப் பிழைப்பு. ஆனால் அவர் என்னிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் பதிவாகிற லைனில்.

புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று உங்கள் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அந்தக் கெடுவையே நானும் தருகிறேன். இந்தக் கடிதம் பதிவுத் தபாலிலும் வருகிறது. ஒரு மாதம் தாண்டினால் அடுத்த கடிதம் வக்கீல் நோட்டீஸாக வரும், நகல் காவல்துறைக்கும் போகும்.

நல்லபடியாக முடித்துக்கொடுப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய நாணய வியாபாரி,
மதுரை.

பி.கு.: இரண்டு காசும் என் லாக்கரில் இருக்கின்றன. கூரியரில் அனுப்ப மாட்டேன். பணம் கணக்கில் ஏறிய பிறகு உங்கள் ஆளை அனுப்புங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறேன். வருகிறவர் ஒரு லென்ஸ் கொண்டுவரட்டும்.