கதவில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள்: மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள்தான் வந்து ஒட்டினார்கள். அந்த வீட்டுப் பெரியவர் குணமாகி, தனிமைக் காலமும் முடிந்து, கோயிலுக்கும் போய் வந்துவிட்டார். கொரோனா நோயாளி உள்ள வீடு என்று காட்டும் ஸ்டிக்கர் மட்டும் கதவை விட்டுப் போகவில்லை. அதை எடுத்துவிடுங்கள். இனி எந்த வீட்டிலும் ஒட்டாதீர்கள்.

2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர, நோயாளி வீட்டில் போஸ்டர் ஒட்டக்கூடாது. எங்கள் வழிகாட்டுதலில் அப்படி எதுவும் இல்லை என்று மத்திய அரசே கோர்ட்டில் கைவிரித்துவிட்டது. அப்புறம் யார் சொல்லி இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

பால்காரர் பாக்கெட்டை கேட்டுக்கு வெளியிலிருந்தே வீசுகிறார். கேன் தண்ணீர் போடும் பையன் வருவதே இல்லை. இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். மார்கழி பிறந்தால் எங்கள் தெருவிலேயே பெரிய கோலம் அந்த வீட்டம்மாவுடையதுதான். இந்த வருஷம் விடியும் முன்பே, இருட்டோடு இருட்டாக நாலு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். கேட்டால், "நான் நின்னா எதிர்வீட்டு ஜன்னலைச் சாத்துறாங்கம்மா" என்கிறார். பகலில் வாசலுக்கே வருவதில்லை. தூக்கமும் இல்லையாம்.

இதைப் பார்த்து மற்ற வீடுகள் நன்றாகவே பாடம் படித்துக்கொண்டன. காய்ச்சல் முகாம் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. உங்கள் களப்பணியாளர் வந்து "யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால், வீட்டுக்கு வீடு "இல்லை"தான். இருமல் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். மெடிக்கலில் மாத்திரை கேட்கும்போதே "தலைவலிக்குத்தான்" என்று சேர்த்துச் சொல்கிறார்கள். நோயைவிட ஸ்டிக்கருக்குத்தான் பயம். மூச்சு திணறும்வரை மறைத்துவைத்தால் யாருக்கு நஷ்டம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நாம் போராட வேண்டியது நோயோடு, நோயாளியோடு அல்ல என்று போனை எடுத்தாலே காலர் டியூனில் சொன்னீர்கள். ஏப்ரலில் சென்னையில் ஒரு டாக்டரின் உடலையே புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். அப்படிப்பட்ட ஜனங்களுக்கு எந்த வீடு என்று அடையாளமும் காட்டிக் கொடுத்தால் எப்படி? மே மாதம் மதுக்கடை திறந்த அன்று முண்டியடித்த கூட்டத்தில் யார் நெற்றியிலும் எதையும் ஒட்டக் காணோம். சரி, அது வருமானம் வருகிற இடம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகல் பாராமல் உங்கள் பணியாளர்கள் உழைத்ததை நாங்கள் பார்த்தோம். கேட்பது இதுதான்: ஸ்டிக்கரை எடுங்கள். விசாரிக்க வருகிறவர்கள் "சளி எப்படி இருக்கு" என்பதோடு "தூங்குறீங்களா" என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

எடுக்க ஆள் இல்லையென்றால் நாங்களே கிழித்துவிடுவோம். ஆனால் கிழித்தால் கேஸ் என்று ஒட்டியவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால், கிழிக்கலாம் என்று ஒரு வரி எழுதி, தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருப்பவள்