மலிவான மதிப்பீட்டில் விடுபடுபவை

ஆசிரியருக்கு,

பெருநகரங்களில் வீடு புதுப்பிக்கும் செலவு பற்றிய உங்கள் கட்டுரையில், ஒப்பந்ததாரர்கள் கொள்ளை லாபம் அடிக்கிறார்கள் என்ற தொனி இருந்தது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராக இதை எழுதுகிறேன்.

நான் தரும் மதிப்பீட்டில் சிமென்ட்டும் கூலியும் மட்டும் இல்லை. உரிமக் கட்டணம், வேலையால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு, தொழிலாளர் விபத்துக் காப்பீடு, கட்டட அனுமதி எல்லாம் அதற்குள்தான். நகர வாடகை கட்டுப்படியாகாமல் தச்சரும் எலக்ட்ரீஷியனும் வெகுதூரத்திலிருந்து வருகிறார்கள். அந்தப் பயணமும் கூலியில் ஏறத்தான் செய்யும். வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை.

உரிமம் இல்லாதவர் நிறையவே குறைத்துச் சொல்வார். சரி, சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால்? காப்பீடு இல்லையென்றால் இழப்பீட்டு வழக்கு வீட்டுக்காரர் வாசலுக்கே வரலாம். அனுமதி வாங்காமல் இடித்த சுவர் வீட்டை விற்கும்போது தலைவலியாகும். அப்புறம் அதைச் சரிசெய்ய எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்!

விலையை ஒப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிம எண்ணைக் கேட்டு, அதை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள். முடிந்த வேலைக்கு ஏற்பத்தான் பணம் என்று ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

– ஒரு கட்டட ஒப்பந்ததாரர்