குடிப்பவர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள்: கோலாலம்பூர் செந்தூல் உறுப்பினர்கள் கவனத்திற்கு

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில்தான். அந்த வீடுகளுக்குப் பார்க்கப் போகிறவர்கள் மது போத்தலைப் பிடுங்கிக் கொட்டாதீர்கள். அடி பிள்ளைக்குத்தான் விழும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பும் வரலாம். கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆளோடு பேச்சு என்றிருந்தால் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவு.

பிள்ளையிடம், “அப்பா குடிக்கிறது உன்னால இல்ல, நிறுத்த வைக்கிறதும் உன் வேல இல்ல கண்ணு” என்று சொல்லுங்கள். ஒருமுறை போதாது.

தாலியான் காசே என்ற மலேசிய அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை (24 மணி நேரமும் உண்டு) பென்சில் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொடுங்கள். சுவரில் ஒட்டினால் குடிப்பவர் கிழித்துவிடுவார். ராத்திரி ஆபத்தென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று பிள்ளையோடு நடந்தே பார்த்துவிடுங்கள்.

உதவிப் பணத்தைக் கையில் தராமல், பள்ளி வேன் கட்டணத்தை நேரே கட்டுங்கள்.